கல்லில் ஒரு வார்த்தை அதிகம்

கடப்பாரை தலைக்கு மேலே போய்விட்டது.

ஜெபராணி கத்தினாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வெறும் காற்று! மூன்று வருஷமாக அவள் தொண்டையில் அவ்வளவுதான் மிச்சம். கடப்பாரையை ஓங்கியவன் காதுக்கு அது எட்டவே இல்லை. கையிலிருந்த காப்பித் தம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தில் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்த பளிங்குக் கல்லின் மேல் குப்புற விழுந்தாள்.

"மைனி! எந்திரிங்க மைனி!"

பாக்கியசீலன் கடைசி நொடியில் கையைத் திருப்பியதால் கடப்பாரை தரையில் இறங்கியது. சிமெண்ட் பெயர்ந்து அவள் கன்னத்தில் தெறித்தது. ரத்தம் கசிந்தது. அவள் அசையவில்லை. கல்லை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தலை போயிருக்கும்! தெரியுமா? இந்தக் கல்லுக்குப் போயி..."

அவன் அவளுடைய கொழுந்தன். கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலை வண்டியில் வந்து இறங்கியவன், கல்லில் செதுக்கியிருந்ததைப் படித்தான். குளிக்கக்கூட இல்லை, நேரே கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்துவிட்டான்.

அது ஹெப்ரானின் நினைவுக்கல். ஜெபராணியின் புருஷன், பாக்கியசீலனின் அண்ணன். செத்து இன்றோடு ஒரு வருஷம். பார்வையில்லாதவர்களுக்கு எந்த எழுத்தையும் வாசித்துக் காட்டும் 'செவிவழி' என்ற போன் மென்பொருளை உண்டாக்கி, பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூர் வரை பெயர் வாங்கியவன். பத்து மணிக்கு சபையார் வருவார்கள். பாட்டுப் பாடி, கல்லைத் தெருவழியே எடுத்துப் போய், வேதக்கோயிலின் தெற்குச் சுவரில், பழைய வெள்ளைக்காரக் குருமார்களின் கற்களுக்கு நடுவே பதிப்பார்கள். பிறகு ஜெபராணி திரை விலக்குவாள். நூறு வருஷத்தில் நம்மூர்க்காரன் ஒருத்தனுக்கு அந்தச் சுவரில் இடம் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா மைனி? 'தனியொருவராய் உழைத்து, விழியற்றோருக்குக் குரல் படைத்தவர்.' தனியொருவராய்! நான் ஆறு வருஷம் அவன் பக்கத்துல ஒக்காந்து கண்ணு எரிய எரிய எழுதுனேனே, அது என்னது? எழுத்தைப் பாத்துப் படிக்குத புரோகிராம் அவ்வளவும் எங் கையால எழுதுனது. பேப்பர்காரங்க வந்து இவரு யாருன்னு கேட்டதுக்கு, 'எடுபிடி வேலைக்கு இருக்கான்'ன்னு சொன்னான் மைனி... கூடப் பொறந்தவனை! அன்னைக்குப் பஸ் ஏறுனவன்தான் நான்."

"ஏலே சீலா! வாயை மூடுலே!"

சன்னலோரப் பிரம்பு நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. ஞானத்தாய். மாமியார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்களும் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மடியில் போன், அதிலிருந்து ஓர் இளம்பெண் குரல் வேதபுத்தகத்துச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தது. மகன் செய்த குரல். காலையில் கண் விழித்ததும் அதுதான், தூங்கும்வரை அதுதான்.

"செத்தவனைப் பத்தி இந்த வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை வரக்கூடாது. ஆமா!"

"நீங்க எப்பவும் அவன் பக்கம்தானம்மா."

வாசலில் செருப்புச் சத்தம். அப்பாத்துரை சார்வாள் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபை கமிட்டிச் செயலாளர். தரையில் கிடந்த கடப்பாரையையும், கல்லின் மேல் கிடந்த ஜெபராணியையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னலே இது? கோயிலுக்குப் போக வேண்டிய கல்லு!"

"அது கோயிலுக்குப் போகக் கூடாது சார்வாள்."

"ஏன் போகக் கூடாது? நம்ம டார்லின் புள்ளையை நெனச்சுப் பாரு. பிறவியிலேயே கண்ணு கிடையாது. எங் கிளாஸ்ல மூலையில ஒக்காந்து கெடக்கும். அதுக்கு என்ன சொல்லிக் குடுக்கன்னு எனக்கே தெரியாது. அது இன்னைக்கு பேங்க்ல வேலை பாக்குது. ஒங்க அண்ணன் இல்லன்னா நடக்குமாலே?"

"நடக்காது. ஒத்துக்கிடுதேன். அதுக்காக அவன் மனுசங்களை நடத்துன விதம்..."

"மனுசன்னா கொறை இருக்கத்தான் செய்யும். அந்தச் சுவத்துல இருக்க வெள்ளைக்காரங்க பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட எப்படி நடந்தாங்கன்னு கல்லுல எழுதியா இருக்கு?"

"எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்னுதான் சொல்லுதேன்!"

சார்வாள் குடையை மூலையில் சாய்த்துவிட்டு ஜெபராணியைப் பார்த்தார்.

"எம்மா... நீ திரை விலக்குதது சம்பந்தமா... கமிட்டியில கொஞ்சம் பேச்சு வந்துச்சு. புருஷன் சாகக் கெடக்கையில எட்டிப் பாக்காதவ எப்படித் திரை விலக்கலாம்னு... தப்பா நெனைக்காத. ஒங்க அத்தையே விலக்கட்டும்."

"அவ எதுக்கு விலக்குதா!" ஞானத்தாய் நாற்காலியின் கையைத் தட்டினாள். "பதினோரு நாளு பெங்களூர் ஆஸ்பத்திரியில எம் மவன் கெடந்தான். கண்ணில்லாத நான் போயிக் கெடந்தேன். இவ வந்தாளா? பெட்டி வந்து எறங்குனப்பயாவது வாய் விட்டு ஒரு சத்தம் அழுதாளா? ஊரே பாத்துச்சே!"

ஜெபராணி கண்களை மூடிக்கொண்டாள்.

வந்தாளா..?

பையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள். 'நீ வர வேண்டாம். ஒன்னைப் பாக்க அவனுக்கு இஷ்டம் இல்ல' என்று போனில் சொன்னது யார்? இதோ, இதே அத்தைதான். அதைச் சொல்ல வாய் திறந்தால், 'ஏன் இஷ்டம் இல்லை?' என்று ஊர் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அரங்குவீட்டுக் கதவைத் திறக்க வேண்டும்...

அந்த உள்ளறைச் சுவரெல்லாம் பத்தமடைப் பாயும் பழைய மெத்தையும் அடித்து, வெளிச்சத்தம் நுழையாமல் செய்திருந்தான் ஹெப்ரான். அத்தை அப்போது ஏரலில் மகள் வீட்டில் இருந்தாள். ஜெபராணி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்க அவள் எழுந்து நின்றால், அழுகிற குழந்தைகூட வாயை மூடும். "ஒன் குரல் வேணும் ஜெபா" என்றான். பதினொரு மாதம். தினமும் ஆறு மணி நேரம். நாற்பதாயிரம் வாக்கியம். விசிறி போட்டால் சத்தம் கேட்கும் என்று அந்தப் புழுக்கத்தில் வேர்க்க வேர்க்க வாசித்தாள். ஆறாவது மாதம் தொண்டையில் ரத்தம் வந்தது. நரம்பில் முடிச்சு, பேச்சையே நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

"இன்னும் பாதி கெடக்கு ஜெபா... இப்ப நிறுத்துனா எல்லாம் போச்சு."

நிறுத்தவில்லை. முடிந்த பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு காற்று மட்டும்.

மனிதக் குரலே இல்லாமல் எந்திரம் தானாக உண்டாக்கிய குரல் என்று, மென்பொருளுக்குப் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லியிருந்தான் ஹெப்ரான். சுருதியை ஏற்றி, இருபது வயசுப் பெண் குரலாக மாற்றிவிட்டான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளை வேதபுத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னான். வைத்தாள். ஊருக்குத் தைராய்டு என்று சொன்னாள். அவளுடைய கீச்சுக் காற்றைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பெங்களூருக்கே போய்விட்டான்.

"நகருங்க மைனி." பாக்கியசீலன் மறுபடி கடப்பாரையை எடுத்தான். "உங்களை வச்சு அவன் வாழவே இல்ல. அந்த ஆளுக்காக நீங்க ஏன் குறுக்க விழுதீங்க?"

அவள் தலையை மட்டும் தூக்கினாள். அவன் குனிந்தால்தான் கேட்கும். குனிந்தான்.

"டார்லின் மத்தியானம் வருவா தம்பி... தடவிப் பாக்கணும்னு ஆசையா இருக்கா. ஒடைக்காதீங்க..."

"தடவிப் பாத்து என்னத்தைத் தெரிஞ்சுக்கிடுவா? பொய்யை! எல்லாமே பொய் மைனி! அந்தக் குரல்கூட! எந்திரம் பெத்த குரலாம்... எந்திரம் மூச்சு விடுமா? கேளுங்க!"

எல்லோரும் கேட்டார்கள். ஞானத்தாயின் மடியில் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு வசனம் முடிந்தது. அடுத்தது தொடங்குமுன்னே, மிக மெல்லியதாக, ஓர் உள்மூச்சு.

"கேட்டுச்சா சார்வாள்? இது எவளோ ஒருத்தியோட மூச்சு. அவ எங்க? அவ பேரு எங்க? என்னை எடுபிடின்னாவது சொன்னான். அவளை இல்லவே இல்லைன்னுட்டான்! யாருன்னு தெரிஞ்சா அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பேன்... எங்க அண்ணன் பேரால!"

வாசிப்பு நின்றது. ஞானத்தாய் போனை அமர்த்தியிருந்தாள்.

"விழுலே," என்றாள்.

"என்னம்மா?"

"கால்ல விழுவேன்னியே... விழு. கல்லு மேல கெடக்காள்லா, அவதான்."

கடப்பாரை கை நழுவிச் சரிந்தது. பாக்கியசீலன் அண்ணியைப் பார்த்தான். அவள் தொண்டையில் ஓடிய தழும்பைப் பார்த்தான். தைராய்டு என்று அவன் நம்பிய தழும்பு.

"மைனி... நீங்களா..?"

அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தவள் அல்லவா! கன்னத்து ரத்தத்தோடு கண்ணீர் கலந்து கல்லில் சொட்டியது. அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"அத்தே... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" காற்றுக் குரலில் கேட்டாள் ஜெபராணி.

"அவனே சொன்னான்ட்டி. தொண்டைக்குள்ள கொழாயைப் போட்டுட்டாங்க. பேச முடியல. போன்ல எழுதுவான், போன் எனக்குச் சொல்லும். எம் மவன் கடைசியாச் சொன்னது அவ்வளவும் ஒங் குரல்லதான் நான் கேட்டேன். 'ஜெபா குரலை எடுத்துக்கிட்டேம்மா, அவளை ஊமையாக்கிட்டேன்'னு... ஒங் குரலே எனக்குச் சொல்லுது! நான் எப்படித் தாங்குவேன்?"

சார்வாள் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஒரு வருசமா மறைச்சு வச்சேன். எம் மவன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு. நீ பக்கத்துல வந்து சோறு வச்சா எனக்கு நெஞ்சு காந்தும். அதான் ஏசுனேன். ஏச ஏச நீ வச்சுக்கிட்டே இருந்தே..."

கோயில் முதல் மணி அடித்தது.

"அப்போ..." சார்வாள் தயங்கினார். "கல்லு வேண்டாம்னு சொல்லிருதேன் எம்மா. ஒரு மன்னிப்புக் கேக்கவும் எனக்கு யோக்கியதை இல்ல."

ஜெபராணி மெல்ல எழுந்தாள். முந்தானையால் கல்லிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"கல்லு போகட்டும் சார்வாள். டார்லின் வேலை பாக்குதது பொய் இல்லையே... அவரு ராத்திரி பகல் தூங்காம கெடந்ததும் பொய் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க."

தனியொருவராய்.

"உங்க பேரைப் போடுவோம் மைனி!"

"வேண்டாம் தம்பி. என் பேரும் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். அந்த எடம் கொத்துன எடமாவே இருக்கட்டும். யாரு கையை வச்சாலும் இங்கன என்னமோ இருந்துச்சுன்னு தெரியும்."

பாக்கியசீலன் உளியும் சுத்தியலும் கொண்டு வந்தான். சற்றுமுன் கல்லை உடைக்க வந்த அதே கை, இப்போது பக்கத்து எழுத்து சிதறாமல் பைய பையக் கொத்தியது. பளிங்குத் தூள் பறந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஞானத்தாய் காற்றில் கையை நீட்டித் துழாவினாள்.

"ஏட்டி... ஜெபா... இங்க வா."

போய் மண்டியிட்டாள். கிழவி அவள் முகத்தைத் தடவி, கன்னத்துக் காயத்தில் விரல் பட்டதும் துடித்து, அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னும் ஒண்ணு கெடக்குட்டி," காதருகே சொன்னாள். "அதை அவங்க முன்னால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ வந்தா எல்லாத்தையும் போட்டு உடைச்சிருவியோன்னு பயந்து, ஒங்கிட்டப் பொய் சொன்னேன். ஒன்னைப் பாக்க இஷ்டம் இல்லைன்னு அவன் சொல்லவே இல்ல... அவன் கடைசியா எழுதுனதை அழிக்க எனக்கு மனசு வரல. நீயே கேளு. பெறவு என்னை அடி, கொல்லு."

போனைத் தடவி, எங்கோ ஓர் இடத்தில் விரலை அழுத்தி, மருமகளின் காதோடு வைத்தாள்.

உளிச்சத்தம் நின்றது.

மிக மெல்லிய ஓர் உள்மூச்சு. பிறகு ஜெபராணியின் சொந்தக் குரல், மூன்று வருஷத்துக்கு முன்னே தொலைந்துபோன அவளுடைய குரல், அவளிடம் பேசியது.

"அம்மா... ஜெபாவை வரச் சொல்லும்மா. அந்தக் காத்துச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்."