பந்தல்குடி ரோட்டில் ஊதிய மூச்சு

வெயில் தணியாத பிற்பகலில் அருப்புக்கோட்டை வக்கீல் கிருஷ்ணப்ரியாவின் அறைக்குள் வந்த கஸ்தூரி, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரப் பந்தல்குடி ரோட்டுல பிடிச்சுட்டாக, வக்கீலம்மா. வத்தல் லோடு ஏத்திட்டு வந்தவர ஊதச் சொல்லி, குடிச்சிருக்கார்னு மெஷின் சொல்லுதாம். அக்கினிச்சட்டி எடுக்க மாலை போட்ட மனுசன்! காலையில வாங்குற பதநீர்தான் பொழுதுக்கும் ஆகாரம். லைசென்ஸு போச்சுன்னா லாரிக்காரர் நாளைக்கே வேற ஆளு போட்ருவாரு."

"அவர் என்ன சொல்றார்?"

"வாயே தெறக்க மாட்டேங்காரு."

அதுதான் அவளை அரித்தது. குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

குமாஸ்தா சௌந்தர் அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றான். "ஊத முடியாதுன்னு சொல்லிருக்கணும் மேடம்!"

"அப்படிச் சொல்லக் கூடாது சௌந்தர். ஊதச் சொன்னா ஊதித்தான் ஆகணும். ஆனா கைது பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்டக் காட்டணும். இல்லேன்னா விட்ரணும். அது அவரோட உரிமை. வண்டிய எடு."

ஸ்டேஷன் பெஞ்சில் அவள் புருஷன் கோட்டைச்சாமி குனிந்து உட்கார்ந்திருந்தான். கஸ்தூரியின் கண் முதலில் அவன் கழுத்துக்குத்தான் போனது. மாலை இல்லை.

எஸ்.ஐ. உக்கிரபாண்டி மெஷின் துப்பிய சீட்டை நீட்டினார். "இது பொய் சொல்லுமாம்மா? சாமி மாலையக் கழட்டி வச்சுட்டு அடிச்சிருக்கான்."

கிருஷ்ணப்ரியா வெளியே நின்ற மினி லாரியைச் சுற்றி வந்தாள். டிரைவர் பக்கக் கதவின் வெளிப்புறம் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. அதில் எறும்பு சாரை. சீட்டில் காலி பாட்டில். ஸ்டியரிங்குக்கு முன்னால் துண்டுக்குள் சுருட்டிய துளசி மாலை. எடுத்து முகர்ந்தாள், புளித்த வாடை. மணிகள் விரலில் ஒட்டின.

சௌந்தர் குரலைத் தாழ்த்தினான். "எஸ்.ஐ. சொல்றதுதான் சரி போலருக்கு மேடம்."

கஸ்தூரி லாரியை விட்டு விலகி நின்றாள்.

"கழட்டி வச்சுட்டுக் குடிச்சா மாலை எப்படிப் பிசுபிசுக்கும்?" என்றாள் கிருஷ்ணப்ரியா.

உள்ளே வந்து கோட்டைச்சாமியின் முன் நின்றாள். "அண்ணே, காலையில வாங்கின பதநீர் வெயில்ல கெடந்து கள்ளாயிருச்சு. ஒரு வாய் ஊத்தினதும் புளிப்புத் தெரிஞ்சு ஜன்னல் வழியா துப்பினீங்க. காத்துல மாலை மேல தெறிச்சுது. மிச்சத்தையும் கொட்டினீங்க, கதவுல எறும்பு ஊருது. அப்புறம்தான் மாலையக் கழட்டினீங்க. கொஞ்ச தூரத்துலயே போலீஸ் மறிச்சாச்சு. சரியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!" என்று கத்தினாள் கஸ்தூரி.

"கள்ளு வாயில பட்டுச்சுன்னா சட்டி எடுக்க விடுவாகளா? ஊரு ஒதுக்கிராது?"

எஸ்.ஐ. விடவில்லை. "எப்படியோ கள்ளு கள்ளுதான?"

"வாயில இருக்கிறது எது, ரத்தத்துல இருக்கிறது எதுன்னு மெஷினுக்குப் பிரிக்கத் தெரியாது சார். துப்பின கையோட ஊதியிருக்கார். இப்ப வாய் காஞ்சிருச்சு. புதுக் குழாய் மாட்டி மறுபடி ஊதச் சொல்லுங்க."

கோட்டைச்சாமி ஊதினான். மெஷின் சுழியம் காட்டியது. உக்கிரபாண்டி அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கூட்டிட்டுப் போங்கம்மா."

"முதல் சீட்டு உங்க கையில இருக்கே சார். ரெண்டு மணி நேரம் இன்னும் முடியல. ரத்தமும் எடுத்துரலாம்."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் கோட்டைச்சாமி மெல்லக் கேட்டான். "நீயும் நெனச்சியா?"

கஸ்தூரி வெளியே கருவேலங்காட்டைப் பார்த்தாள். "நெனச்சேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியோடு வந்ததும் அவன் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான்.

"ரெண்டு குப்பியா எடுங்கம்மா. ஒண்ணு கோர்ட்டுக்கு. ஒண்ணு இவளுக்கு."