அறுநூறு வோல்ட்டும் அம்சவள்ளியும்

"அண்ணே... கடையில யாரு?"

குரல் கேட்டு அம்சவள்ளி நிமிர்ந்தாள். வாசலில் ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றிருந்தான். தலைக்குக் குடையில்லை. ஆனால் சைக்கிளின் பின்சீட்டில் இருந்த மூட்டைக்கு மட்டும் இரண்டு சாக்கு, அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணன் இல்ல. நான்தான் இருக்கேன். இன்னா வேணும்?"

பாகூர் கடைத்தெருவில் தங்கவேலுவின் மோட்டார் காயில் கட்டும் கடையைத் தெரியாத விவசாயி கிடையாது. பம்ப்செட்டு மோட்டார் எரிந்துபோனால் நேரே அங்கேதான் வண்டி கட்டுவார்கள். தங்கவேலுவுக்குக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவது அவருடைய மகள் அம்சவள்ளிதான். வேலை சுத்தமாக இருந்ததால் யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

"நான் மணவாளன். ஹைஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கற சயின்ஸ் வாத்தியார்." சொல்லிக்கொண்டே மூட்டையைப் பிரித்தான். கரி பிடித்த இரும்புக் கட்டி ஒன்று வெளியே வந்தது. "பட்டாளத்துல ஏலம் விட்ட பழைய டிரான்ஸ்மிட்டருங்க. வால்வு செட்டு. அதோட டிரான்ஸ்ஃபார்மர் இது... எரிஞ்சு கெடக்கு."

"ரேடியோவா?"

"ரேடியோ கேக்க மட்டுந்தான் செய்யும். இது பேசும்!" அவன் கண்கள் பளிச்சென்று விரிந்தன. "சர்க்கார் லைசென்ஸ் குடுத்திருக்கு. என் ரூம்ல உக்காந்து நான் பேசினா பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் பதில் சொல்லுவார்..."

அவன் இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சே... என்ன இது!

"கடைக்காரரு எப்ப வருவாரு?"

"எதுக்கு?"

"காயில் கட்டத்தான்..."

"நான்தான் கட்டுவேன்."

"நீங்களா? அறுநூறு வோல்ட்டுங்க இது!"

"இருக்கட்டுமே. என்னைக் கடிச்சா நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழம வாங்க சார்."

தலைமுடி போன்ற கம்பி. ஆயிரக்கணக்கான சுற்று. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காகிதம். நடுநடுவே அந்த மழைத்துளி ஞாபகத்துக்கு வந்தது... எண்ணிக்கை தப்பியது. "ஐயோ!" என்று தலையில் தட்டிக்கொண்டு பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினாள். ஒரு முறையல்ல, மூன்று முறை!

வெள்ளிக்கிழமை சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனவன் சனிக்கிழமை காலையிலேயே திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. கையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கருகல் நாற்றம் அடித்தது.

"இன்னாங்க வேல இது? சுவிட்சு போட்ட ஒரு நிமிஷத்துல பொகஞ்சு போச்சு! பொம்பளப்புள்ள கையில குடுத்தேன் பாருங்க... என் புத்தியச் சொல்லணும்!"

கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். மடுகரையிலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்திருந்த சாமிக்கண்ணு அவளைப் பார்த்தார், தன் மோட்டாரைப் பார்த்தார்.

"இதையும் நீதான் கட்டுவியாம்மா?"

"ஆமாங்க."

"வேணாம்மா. நான் மதகடிப்பட்டு கடையிலயே பாத்துக்கறேன்."

மோட்டார் மறுபடி வண்டி ஏறியது. செவ்வாய்க்கிழமைக்குள் இன்னும் மூன்று பேர் வந்து தங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கவேலு மோட்டார்கள் இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

காலியாகக் கிடந்த கடையில் உட்கார்ந்து, எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை அடுக்கடுக்காகப் பிரித்தாள். அவள் எங்கேயாவது பிசகியிருந்தால் அந்த ஒரு இடத்தில்தான் கருகியிருக்கும். ஆனால் இதுவோ முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே சீராக வெந்திருந்தது. அப்படியானால் கோளாறு இதில் இல்லை... வெளியே!

மீட்டரைப் பையில் போட்டாள். "அப்பா, கெளம்புங்க!"

ஏரிக்கரைத் தெருவில் மாடி அறை. அப்பாவும் மகளும் வந்து நின்றதும் மணவாளன் பதறி எழுந்தான். மேஜைமேல் அந்தப் பழைய இரும்புப் பெட்டி, வட்டக் கண்ணாடி மீட்டர்களும் வால்வுகளுமாக உட்கார்ந்திருந்தது.

"ஃபியூஸக் காட்டுங்க சார்."

உருவிப் பார்த்தாள். உள்ளே தடியான செப்புக்கம்பி!

"இன்னா இது?"

"அது... ஃபியூஸ் ரெண்டு தரம் போயிடுச்சு. அதனால கொஞ்சம் தடிக் கம்பியா..."

"ஏன் போச்சுன்னு பாக்க மாட்டீங்களா?" மீட்டர் முனைகளைப் பெட்டிக்குள் இருந்த பெரிய கெபாசிட்டரில் வைத்தாள். முள் ஒரே பாய்ச்சலில் சைபருக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. "பாருங்க. உள்ளயே ஷார்ட்டு. இதான் என் காயில எரிச்சுது. பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?"

மணவாளன் முள்ளையே பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

நன்றாகச் சண்டை போட்டுவிட்டு விடுவிடுவென்று இறங்கிவிட வேண்டும் என்றுதான் அம்சவள்ளி வந்திருந்தாள். ஆனால் படியில் கால் வைத்ததும் குரல் உடைந்துவிட்டது.

"நாலு நாளா கடைக்கு ஒரு மோட்டார் வரல சார்..."

மறுநாள் அவன் பள்ளிக்கு லீவு போட்டான். சேற்றில் சைக்கிளை மிதித்து மடுகரைக்குப் போனான். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போன மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் போனான். பதினோரு மணிக்குக் கடைத்தெரு கூட்டமாக இருந்த நேரத்தில் சாமிக்கண்ணுவின் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே மணவாளன்... முழங்கால்வரை சேறு.

"எல்லாரும் கேளுங்க!" என்றான் உரக்க. "தப்பு என்னோடது. இவங்க கட்டுன காயில்ல ஒரு சுத்துகூடப் பிசகல. ஃபியூஸ்ல தடிக் கம்பியப் போட்டு எரிச்சவன் நான். சயின்ஸ் வாத்தியார் நான்!"

கடைத்தெரு கொல்லென்று சிரித்தது. சாமிக்கண்ணு மோட்டாரை இறக்கி வைத்து, "நீயே கட்டும்மா" என்றார்.

அவன் காது இரண்டும் சிவந்திருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள் அம்சவள்ளி. கோபத்தைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமே... முடியவில்லை!

"டிரான்ஸ்ஃபார்மர திரும்பக் கட்டித் தருவீங்களா?" என்றான் தயங்கி.

"பாக்கலாம்."

"எப்ப வரட்டும்?"

"வர வேணாம். நானே கொண்டாந்து மாட்டறேன். உங்க கையில குடுத்தா இதையும் சுட்டுத் தின்னுடுவீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டு ஏரித்தண்ணீர் வெயிலில் பளபளத்தது. புதுக் கெபாசிட்டர், சரியான ஃபியூஸ், அவள் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர். தங்கவேலு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மணவாளன் சுவிட்சைப் போட்டான்.

வால்வுகள் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகக் கனிந்தன. மீட்டர் முள் எழுந்து நடுங்காமல் நின்றது. புகை இல்லை! அம்சவள்ளி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவன் மைக்கின் பொத்தானை அழுத்தி, கேட்பவர் யாராவது உண்டா என்று அழைத்தான். ஒரு முறை... இரண்டு முறை... நாலாவது முறைக்கு, இரைச்சலை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவரின் குரல் வந்தது.

"பெங்களூர்லேர்ந்து பேசறேன். உங்க குரல் கணீர்னு கேக்குது தம்பி! என்ன செட்டு வச்சிருக்கீங்க? ஓவர்."

'ஓவர்' என்றால் 'நான் முடித்தேன், இனி நீ பேசு' என்று அர்த்தம். மணவாளன் கிட்டத்தட்டக் குதித்துவிட்டான். "பழைய வால்வு செட்டு சார்! டிரான்ஸ்ஃபார்மர் கட்டுனது பாகூர் அம்சவள்ளி. ஓவர்!"

காற்றில் தன் பெயர் பெங்களூர் வரை போகிறது... அவளுக்குப் புல்லரித்தது.

"பேஷ்! அந்தம்மாவுக்கு என் வணக்கம். யாரு அவங்க... உங்க வீட்டுக்காரம்மாவா? ஓவர்."

பொத்தானை அழுத்தப்போன அவன் விரல் பாதியில் நின்றது. செட்டு மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"அவருக்கு இன்னா பதில் சொல்லட்டும்?" என்றான் கிசுகிசுப்பாக. "ஆமான்னு சொல்லணும்னுதான் எனக்கு ஆச, அம்சா. மழையில வந்து நின்ன அன்னிலேர்ந்து... ஆனா பொய் சொல்லக் கூடாதே..."

அவள் வால்வுகளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்க்க வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் கடைசியில் அவன் கண்களைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க."

"இன்னும்...?"

அவள் தலைகுனிந்தாள். கன்னத்தில் சிரிப்பு மட்டும் ஒளியாமல் நின்றது.

வாசல்படியில் தங்கவேலு தொண்டையைச் செருமினார்.

"தை மாசம்னு சொல்லுபா! பெரிய மனுசர் எவ்ளோ நேரம் காத்துகினு இருப்பாரு... சொல்லிட்டு, ஓவர்னும் சொல்லு!"