ஐந்தாவது வில்லை

கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்ததும் நெல்டாவுக்கு முதலில் உறைத்தது வாசனைதான். உள்ளே இருந்தவை பெரும்பாலும் கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு அடியிலிருந்து அள்ளிவந்த கடல்மண்ணைப் பூசிய தட்டுகள். சேற்று வீச்சம்தான் வரவேண்டும். வந்ததோ புளித்த திராட்சையின் இனிப்பு. போன வாரம் முழுக்கப் புருஷனின் கால்கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தாங்கிய அதே வாசனை.

சிலோயே தீவின் ஜூன் மாதக் குளிர்கால மழை தகரக்கூரையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. மணி நாலரைதான், அதற்குள் சன்னல் கறுத்துவிட்டது. ஆய்வகத்தில் மற்றவர்கள் பந்தாட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். யாரோ வைத்துவிட்டுப் போன மாத்தே பானம் மேசைமேல் ஆறிக் கிடந்தது.

புருஷன் அர்னோல்டோ கூண்டு வலைகளைத் தைக்கும் முக்குளிப்பவன். இரண்டு வாரத்துக்கு முன் துருப்பிடித்த கம்பி அவன் கெண்டைக்காலைக் கிழித்தது. மருத்துவப் படகு வியாழக்கிழமைதான் வரும். அதுவரை அந்தக் கரையில் எல்லா வீடுகளிலும் செய்வதைத்தான் நெல்டாவும் செய்தாள்: மீன்தீவன மூட்டையின் அடியில் தங்கும் மருந்துத் தூளைச் சலித்துக் காயத்தில் தூவினாள். படித்தவள்! மண்ணில் என்ன வளர்கிறதென்று தினமும் பார்க்கிறவள். மண் அள்ளி வந்த கையோடு அவளேதான் தூவினாள்.

"என்னடி, என்னையும் சால்மனாக்கிட்டியா? செதிள் முளைச்சா நீதான் சுரண்டணும்," என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

கம்பெனிக்காரன் மீனுக்கு மூட்டை மூட்டையாக மருந்து போடுகிறான். மீன் தின்றது போக மீதி மண்ணில் இறங்குகிறது. அங்கே கிருமிகள் சாகாமல் தப்பிக்கக் கற்றுக்கொள்கின்றன. கற்றதைச் சின்ன வளையமாகச் சுருட்டி, பக்கத்தில் எது கிடக்கிறதோ அதன் உடம்புக்குள் செலுத்திவிடுகின்றன. சொந்தமா, வேற்று இனமா என்று பார்ப்பதில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். இவற்றுக்கு மிஞ்சவே வேண்டாம். ஒரு நகலைக் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தட்டிலும் ஐந்து மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வட்டம் விழும். மண் தட்டில் நாலுக்கு வட்டமே கிடையாது. ஐந்தாவதற்கு நேற்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இன்று அவனுக்கு ஏற்றுவதும் அந்த ஐந்தாவது மருந்துதான். அதற்குமேல் அவர்களிடம் வேறு இல்லை. அதுவும் கேட்காவிட்டால் காலோடு போகாது, ஆளே போய்விடுவான் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

தட்டை விளக்கடியில் பிடித்தாள். பாலாடை போன்ற படலம் ஐந்தாவது வில்லையின் விளிம்பைத் தொட்டிருந்தது.

"மண்ணுதானே," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அவன் புண்ணிலிருந்து எடுத்த தட்டை எடுத்தாள்.

அதில் படலம் வில்லைமேலேயே ஏறியிருந்தது.

பெட்டியை மூடினாள். வாசனை போகவில்லை. சன்னலைத் திறந்தாள். போகவில்லை. மூக்கைத் தேய்க்கக் கையைத் தூக்கினாள். இன்னும் கிட்டத்தில் அடித்தது.

போன் ஒலித்தது. நர்ஸ் இர்மா. மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதாம், காய்ச்சல் இறங்கவில்லையாம்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. அவருக்கு வேற ஒண்ணும் வேணாமாம், உங்க கையைப் பிடிச்சுக்கணுமாம். முன்வாசல்ல தண்ணி நிக்குது, பிரசவ வார்டு வழியா வந்துடுங்க."

சரி என்றாள். அப்போதுதான் பெட்டியின் ஆழத்தில் இன்னொரு தட்டு இருப்பது நினைவுக்கு வந்தது. பெரிய தட்டு. ஒப்பிட்டுப் பார்க்க அவளே வைத்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய தன் கையை அழுத்தி எடுத்தது. ஐந்து வில்லைகளைச் சுற்றியும் அகல அகலமாக வட்டம் விழவேண்டிய தட்டு.

வெளியே இழுத்தாள்.

வட்டம் இல்லை. ஒன்றுகூட.

ஐந்து விரல்கள். ஓர் உள்ளங்கை. ரேகைகள்கூட. வெள்ளையாக. ஈரமாக. வில்லைகளை மூடிக்கொண்டு.

இர்மா போனை அவன் காதருகே வைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நெல்டா," என்றான் அர்னோல்டோ. "கையைக் குடுடி."

தட்டில் இருந்த கை கண்ணாடி மூடிவரை வளர்ந்து, உள்ளிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.