ஐந்தரை மணி நேரம்

அழித்த ஃபோல்டர் அழிந்தபடியே இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்கு, படூரில் நெய்தல் ஹோஸ்டிங்கின் இரண்டாவது மாடியில், ஒரு கையால் எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்துகொண்டே மறு கையால் வாடிக்கையாளர் கணக்குகளை மேய்ந்துகொண்டிருந்த ரேணுகாவின் திரையில், அவளே பத்தொன்பது நாளுக்கு முன்னால் அழித்த வெங்கடேசனின் ஃபோல்டர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மேய்வது அவள் வேலையில்லை. இணையதளத்துக்குப் பெயர் பதிந்து தருவதும், வைக்க இடம் தருவதும், கெடு முடிந்தால் அழிப்பதும்தான் அங்கே வேலை. ஆனால் எந்தக் கல்யாண மண்டபம் யார் படத்தை நீக்கிவிட்டது, எந்தப் பல் டாக்டர் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டார் என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

வெங்கடேசன் மாமல்லபுரம் கடற்கரையில் படம் எடுப்பவர். பதினோரு வருடப் படங்களையும் அந்த ஒரே ஃபோல்டரில்தான் வைத்திருந்தார். இணையதளப் பெயரைப் புதுப்பிக்க மறந்தார். கெடு தாண்டினால் முப்பது நாள் பொறுத்திருந்து அழிப்பது கம்பெனி வழக்கம். முப்பதாம் நாள் இரவு பன்னிரண்டு அடித்ததும் ரேணுகா வீட்டிலிருந்தே அழித்துவிட்டுத் தூங்கப் போனாள். அவர் விடியற்காலை மூன்று மணிக்குப் புதுப்பித்தார். சர்வரின் கடிகாரம் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தில் ஓடுவதும், கெடு நாட்களை எண்ணுவது அந்தக் கடிகாரம்தான் என்பதும் காலையில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் அழித்தபோது அந்தக் கடிகாரத்தில் மாலை ஆறரை. வெங்கடேசனுக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் பாக்கி இருந்தது.

"லேட்டா புதுப்பிச்சாரு சார்" என்று முதலாளி திருவேங்கடத்திடம் சொல்லிவிட்டாள். அவரும் நம்பி, வந்து நின்ற மனிதரிடம் அதையே சொன்னார்.

"செத்துப்போன எம் பொண்ணு மூஞ்சி அதுலதாம்மா இருந்திச்சு" என்றார் வெங்கடேசன், ரேணுகாவைப் பார்த்து. பிறகு கேமரா நிறுத்தும் முக்காலியை ஓங்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தார். உடைந்த கண்ணாடி வலது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்தது. கையைக்கூடப் பிடிக்காமல் படியெல்லாம் ரத்தம் சொட்ட இறங்கிப் போனார். மூன்றாம் நாள் கடல் அவரைக் கொண்டுவந்து போட்டது. கேமரா வார் கழுத்தில் இரண்டு சுற்று.

அன்றிலிருந்து எந்த நேரத்தைப் பார்த்தாலும் ரேணுகா ஐந்தரை மணி கூட்டிக்கொள்கிறாள். பால் பாக்கெட்டில் தேதி பார்த்தால்கூட உதடு அசைகிறது.

ஃபோல்டரில் மூன்று படங்கள் இருந்தன. 12:55, 12:58, 13:01. உதடு அசைந்தது. மாலை ஆறு இருபத்தைந்து, ஆறு இருபத்தெட்டு, ஆறு முப்பத்தொன்று. இன்னும் வராத நேரத்தில் எடுத்த படங்கள்.

முதல் படத்தில் இந்தக் கட்டடத்தின் மாடிப்படி, கீழேயிருந்து எடுத்தது. ஈரக் காலடிகள், மணல், ஓரமாகச் சிவப்புச் சொட்டுகள். இரண்டாவதில் புதிதாக மாட்டிய கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண்ணின் முதுகு. மூன்றாவதைத் திறந்ததும் சோற்றுக் கை அப்படியே நின்றது. திருவேங்கடம் தரையில் கிடந்தார். நெற்றி புருவம் வரை பிளந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒரு கண் திறந்திருந்தது. கழுத்தில் வார். நீலக் கட்டம் போட்ட சட்டை. பையில் இன்று காலை அவளெதிரே அவர் சிந்திக்கொண்ட காபிக் கறை.

உள்ளே சர்வர் அறையில் அதே சட்டையோடு ஒரு ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருந்தார் அவர்.

"சார், சாயங்காலம் இங்க வருவீங்களா?"

"வராம? ஃபேன் ஒண்ணு கத்திகினு கீது, பாக்கணும்."

"வராதீங்க சார். வூட்லயே இருங்க."

"இன்னாம்மா, எனக்கே லீவு குடுக்கறியா? எப்பலேர்ந்து நீ மொதலாளி?"

"இல்ல சார், மழ வரும்னாங்க."

"மே மாசத்துல மழையா? எதையோ மறைக்கற நீ." சிரித்தபடிதான் கேட்டார். "சொல்லு, இன்னா?"

நான்தான் முன்னாடியே அழிச்சேன் என்பது நாக்கு வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"சரி, வரல போ. ரெண்டு மணிக்குப் பூட்டிட்டு, மீன் வாங்கினு வூட்டுக்குப் போறேன். போதுமா?"

போதும். ஆறரைக்கு இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அவர் உயிரும் தப்பியது, அவள் பொய்யும் தப்பியது. ரேணுகா திரும்பி வந்து மீதிச் சாதத்தில் ஊறுகாயைக்கூடத் தொட்டுக்கொண்டாள்.

டப்பாவை வைத்துக்கொண்டே இன்னும் நாலைந்து கணக்குகளை மேய்ந்து முடித்தபோது போன் அடித்தது. கீழே தையல் கடை வைத்திருக்கும் பிரபாவதி.

"இன்னா ரேணுகா, ஒங்க ஆபீஸ்ல ஃபங்ஷனா? ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!"

"ஃபங்ஷனா? இல்லியேக்கா."

"அப்ப யாரோ ஒரு போட்டோக்காரரு இன்னாத்துக்கு மேல வர்றாரு? நல்லா கடல்ல முங்கி எழுந்தா மாதிரி. இப்பதான் தொடச்சேன், படியெல்லாம் மணலு. கூப்டா திரும்பவே மாட்டேன்றாரு."

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், படிக்கட்டில், நனைந்த துணியைக் கல்லில் வைத்ததுபோல் ஒரு சத்தம். சற்று இடைவெளி. மறுபடி ஒன்று. கூடவே இரும்பு ஏதோ ஒவ்வொரு படியாக மோதி ஏறியது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்து எலுமிச்சை மணத்தை மூடியது.

திரையில் அந்த நொடி ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்து விழுந்தது. சர்வர் போட்ட நேரம் 12:54. உதடு அசைந்தது. ஆறு இருபத்து நாலு.

இப்போது வந்த புகாருக்கு எப்படி ஆறு இருபத்து நாலு?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

போன திங்கட்கிழமை திருவேங்கடம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. "இனிமே இந்தக் கூட்டிக் கழிக்கற பேஜாரே வேணாம்மா. சர்வர் நேரத்த நம்ம நேரத்துக்கே மாத்திட்டேன்." யாரோ ஒருவரின் நிச்சயதார்த்தப் படங்களை மேய்ந்தபடி அவள் தலையாட்டியிருந்தாள்.

கூட்ட வேண்டியதில்லை.

சத்தம் நின்றது. முதுகுக்குப் பின்னால் கதவு. கண்ணாடியில் ஈரக் கை இழுபடும் கீச்சொலி. அவள் திரும்பவில்லை.

12:58.

"சார்! உள்ளயே பூட்டிக்குங்க!"

கத்தியிருக்கக் கூடாது. "இன்னாம்மா?" என்று அவர் வெளியே வந்தார்.

முக்காலி நெற்றியில் இறங்கியது. இளநீர் வெட்டும் ஓசை. மறுபடி. சுவரில் ரத்தம், அவள் டப்பாவில் ரத்தம். அவர் தவழ்ந்தார். வார் கழுத்தைப் பிடித்து இழுத்தது. குதிகால்கள் தரையை உதைத்தன. ஓங்கிய கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்திருந்தது. உள்ளே சதை வெளுத்து, மணல் அடைத்திருந்தது.

"நான்தான்! நான்தாங்க அழிச்சேன்! அவருக்கு எதுவும் தெரியாது!"

கை நிற்கவில்லை. மூன்றாவது அடி. நாலாவது.

ப்ளாஷ்.

13:01.

ஓடவேண்டும். கதவை முக்காலி மறித்திருந்தது. எதையோ இழுக்கும் சத்தம். பக்கத்து நாற்காலி முனகியது. அதில் திருவேங்கடத்தை உட்கார வைத்தது அந்தப் பிளந்த கை. தலை சாய்ந்தது. நிமிர்த்தியது. சட்டைக் காலரைச் சரிசெய்தது.

அவள் கழுத்தில் ஈர வார். ஒரு சுற்று. இரண்டு.

கண்ணாடித் துண்டுகள் பதிந்த குளிர்ந்த விரல்கள் அவள் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பின. கடற்கரையில் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்துத் திருப்புவதுபோல.

"சிரிம்மா."

திரையில் நாலாவது படம் தானாகத் திறந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிளந்த நெற்றி. மற்றொன்றில் கழுத்து திரும்ப முடியாத பக்கம் திரும்பிய ஒரு முகம். இரண்டு வாயிலும் பல் தெரிந்தது.

படத்தின் கீழே 13:04.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று மூன்று.