இடது காதில் கேட்டது

இன்பாஸ் விடியற்காலை சுபஹுத் தொழுகையை முடித்தான். தண்ணீர் கொதித்ததும் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பின்கதவைத் திறந்து பதினொரு அந்தூரியச் சாடிகளுக்கும் தண்ணீர் விட்டான். சாடிக்கு ஒரு கோப்பை. அதற்கு மேல் விட்டால் வேர் அழுகும் என்று மனைவி ஹுஸ்னியா சொல்லியிருந்தாள். அவள் கண்மூடி மௌத்தாகி இன்றோடு நாற்பத்திரண்டு நாள். அதுவும் வெள்ளிக்கிழமைதான். இன்பாஸ் ஒரு நாளும் சாடிகளை மறக்கவில்லை. ஒரு நாளும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவுமில்லை.

எட்டரை மணிக்கு ஹோலில் இருந்த மேசையில் மடிகணினியைத் திறந்தான். ஹுஸ்னியாவின் நாவலில் கடைசி அத்தியாயம். தலைப்புக்குக் கீழே ஒரேயொரு வரி. ‘நதீரா முர்ஷித்தை அன்புடன் நோக்கினாள்.’ மூன்று நாட்களாக அதே வரி. அழித்தான். யோசித்தான். திரும்பவும் அதையே அடித்தான். இடைவெளி விசை பழுது. அமத்தும்போது ஒரு தட்டு, மேலே வரும்போது இன்னொரு தட்டு. டொக், டொக். இரண்டு சொற்களுக்கு நடுவே எப்போதும் அந்தச் சத்தம்.

தொலைபேசி அடித்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிற டிலக்சினி.

“அண்ணா, கடைசி அத்தியாயம் கேட்டு எடுக்கல்ல, பயப்படாதீங்க. இருநூற்றிப் பதினாலாம் பக்கம் ஒரு சின்னச் சந்தேகம்.”

“சொல்லுங்க தங்கச்சி.”

“நதீரா அக்கரைப்பற்று பஸ் ஸ்டாண்டில நிக்கிறாதானே? கையில குடை. மழை. முர்ஷித் இன்னும் வரல்ல.”

“ஓம்.”

“அதுக்குள்ள திடீரெண்டு, ‘இஞ்சருங்க, ஒருக்கா வாங்களன், எழும்ப ஏலாமக் கிடக்கு’ எண்டு சொல்றா. நிண்டுக்கிட்டு இருக்கிற ஆளுக்கு எழும்புறதுக்கு என்ன இருக்கு?” அவள் சிரித்தாள். பிறகு சிரித்ததற்கு வருந்தியவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். “ஹுஸ்னியா அக்கா இப்பிடி ஒரு பிழை விட்டதே இல்ல அண்ணா. வொய்ஸ்ல ஒருக்கா கேட்டுப் பாருங்க. மற்றப்படி எல்லாம் நல்லாருக்கு. இருநூற்றிப் பதினாறுல, ‘கண் ரெண்டும் இருட்டுது, கேக்குதா உங்களுக்கு’ எண்டு ஒரு வரி வருதே, அதான் அக்காட எழுத்து. வாசிக்கக்குள்ள எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திட்டு.”

“பார்க்கிறன்” என்று வைத்துவிட்டான்.

ஹுஸ்னியா எழுதுவதில்லை. சொல்லுவாள். ஒன்பது காதல் நாவல்களும் அப்படித்தான் வந்தன. வேலை ஒன்றுமில்லாமல் கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுவரை போவாள். பின் இருக்கையில் இருந்து, முன்னால் இருக்கும் பெட்டைப் பிள்ளைகள் போனில் குசுகுசுப்பதைக் கேட்டுக்கொண்டே திரும்பி வருவாள். வந்ததும் கொக்கி ஊசியையும் நூலையும் மடியில் எடுத்துப் பின்னத் தொடங்குவாள். பின்னியபடியே போனில் கதையைச் சொல்லி அவனுக்கு அனுப்புவாள். வசனம் பிடிபடாவிட்டால் பேச்சு நின்றுவிடும். பதிவு ஓடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஊசி மோதிரத்தில் கிளிக் கிளிக் என்று தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவன் பிரதேச செயலக வேலை முடிந்து வந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்வான். கதையைக் கவனிப்பதில்லை. கை தன்பாட்டில் அடிக்கும். இயர்போனில் வலது பக்கம் மட்டும்தான் வேலை செய்தது.

“புதுசு ஒண்டு வாங்குங்களன்” என்பாள்.

“ஒரு காது போதும்.”

“ஓம், உங்களுக்கு அரைவாசிதான் எப்பவும் கேக்குது. லவ் எண்டா உங்களுக்கு ஃபைல் பண்ணி வைக்கிற சாமான்.”

இப்போது அந்தச் சாமானை அவன்தான் முடிக்க வேண்டும். இன்றைக்குள். வீடு ஹுஸ்னியாவின் சீதனம். அவள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு இருப்பில்லை. அது அவளுடைய தங்கை அப்ராவுக்குப் போகிறது. அடுத்த மாதம் அவளுக்குக் கலியாணம். நாவலை முடிக்கும்வரை என்று தவணை கேட்டிருந்தான். தவணையும் முடிந்துவிட்டது.

பத்து மணிக்கு ஹுஸ்னியாவின் உம்மா, மாமி அஸீஸா, இடியப்பத் தட்டோடு வந்தார். உட்காரவில்லை.

“முடிஞ்சிட்டா மகன்?”

“இன்னும் கொஞ்சம் கிடக்கு மாமி.”

“போகச் சொல்லல்ல. நாளைக்குப் பெயின்ற் அடிக்கிறாக்கள் வாறாங்க. முதல்ல அந்த அறை.” ஹுஸ்னியா கிடந்த அறையின் திரைச்சீலை தொங்கிய வாசலைப் பார்க்காமலே தலையால் காட்டினார். பிறகு வழமைபோல முந்தானையைக் கையில் சுருட்டினார். “அவட அந்தக் கடைசிச் சொல்ல ஒருக்காச் சொல்லுங்க மகன்.”

“கலிமாச் சொன்னா மாமி. ரெண்டு தரம்.”

“தெளிவாச் சொன்னாவா?”

“தெளிவாத்தான்.”

“அல்ஹம்துலில்லாஹ்.” முகம் இளகியது. “புத்தகத்துர முதல் பக்கத்தில அதப் போடுங்க. கலிமாவோட போனாண்டு நாலு பேர் வாசிக்கட்டும். எனக்கு நித்திரை வாறது அத நினைச்சித்தான்.”

அவர் போனபின் இடியப்பத்தை மூடி வைத்தான்.

ஜனாஸா வீட்டில், அத்தனை சனத்துக்கு நடுவே மாமி அவன் கைகளைப் பிடித்துக் கேட்டபோது, சாகிறவர் நாவில் கடைசியாக இருக்க வேண்டிய அந்தக் கலிமாதான் அவன் வாயில் வந்தது. அவன் பொய் சொன்னான் என்றும் சொல்ல முடியாது. உண்மை என்னவென்று அவனுக்குத் தெரியாது. அவள் மௌத்தான அன்று அவளுக்கு டெங்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நித்திரை கொள்ளட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் ஹோலில் இருந்து, முந்தின கிழமை அவள் அனுப்பியிருந்த பதிவைத் தட்டச்சு செய்தான். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் எழும்பித் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுடைய கடைசிச் சொல் என்று எவருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

பதினொன்றரைக்கு அந்தப் பதிவைத் தேடி எடுத்தான். பதினான்கு நிமிடம். இயர்போனை மாட்டினான்.

வலது காதில் அவள் வந்தாள். அடுப்படி மின்விசிறியின் கரகரப்பு, எங்கோ ஒரு மீன் வண்டியின் கூவல், குழாயில் இருந்து வாளிக்குள் விழும் துளி, இத்தனைக்கும் நடுவே, வாயில் ஒரு நூல்துண்டைக் கடித்துக்கொண்டே பேசுபவளின் சற்றே அடைத்த குரலில், மழையும் பஸ் ஸ்டாண்டும் குடையின் உடைந்த கம்பியும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. நதீரா காத்திருந்தாள். முர்ஷித் வரவில்லை. பேச்சு நின்றது. கிளிக். கிளிக். நூல் இழுபடும் மெல்லிய சத்தம். பிறகு அவள் தொண்டையைச் செருமி கதையின் அடுத்த பந்தியைத் தொடங்கினாள்.

அந்த வரி வரவில்லை.

பின்னால் இழுத்து மீண்டும் கேட்டான். நின்றாள், கிளிக், கிளிக், செருமினாள், அடுத்த பந்தி. ஒலியை முழுதாகக் கூட்டினான். மூன்றாம் தரம். நான்காம் தரம். எரிச்சலில் மேசையில் குத்தினான். அவன் சொந்தமாக ஒரு வரி எழுதுகிறவன் அல்ல. மூன்று நாளாக ஒரு வரிக்குத் திண்டாடுகிறவன். காதில் விழாத ஒன்றை அவன் கை அடிக்காது. காதில் விழுந்ததைத்தான் அடித்திருக்கிறது.

வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தான்.

இடது காதில் வீடு கேட்டது. சுவர்க் கடிகாரம். பின்பக்கத்துக் காகம். மூன்றடி தள்ளித் திரைச்சீலை. அதற்கு அப்பால் அறை.



இருநூற்றுப் பதினாறுக்குப் போனான். முர்ஷித் நனைந்த தலையோடு வந்து பிளேன்டீ வாங்கிக் கொடுக்கிறான். நதீரா கோப்பையை வாங்குகிறாள். ‘கண் ரெண்டும் இருட்டுது. கேக்குதா உங்களுக்கு?’ பதிவில் அந்த இடத்தைத் தேடினான். நிறுத்தம். கிளிக். கிளிக். வேறொன்றும் இல்லை.

அன்று அவள் அறைக்குள் இருந்து கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தரம். அவனுக்கு இடது காதில் கேட்டிருக்கிறது. அதை நதீராவின் வசனமாக, மேற்கோள் குறி போட்டு, டொக் டொக் என்று அடித்து வைத்திருக்கிறான்.

கீழே உருட்டினான். இருநூற்றுப் பதினேழு. அன்று தட்டச்சு நின்ற இடம், அச்சகத்துக்கு இன்னும் அனுப்பாத பக்கம். முர்ஷித் கடிதத்தைப் பிரிக்கிறான். பந்தி முடிகிறது. அடுத்த வரியில் ஒரு மேற்கோள் குறி திறக்கிறது. ஒரே சொல்.

‘வந்திட்டீங்களா

குறி மூடப்படவில்லை. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

யார் வந்தது?

அவன் அறைக்குள் போகவில்லை. இந்த நாற்காலியில் இருந்தான். மாமி சந்தைக்குப் போயிருந்தார். அப்ரா வகுப்பில். பின்கதவு பூட்டு. முன்கதவைப் பள்ளிக்குப் போகும்போது அவனே வெளியே பூட்டினான். வந்து அவனே திறந்தான். வேறு யாரும் இல்லை. அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள்?

இயர்போனைக் கழற்றினான். பதிவு நின்றது.

கிளிக்.

கடிகாரம் என்று நினைத்தான். கடிகாரம் அந்தப் பக்கம் இல்லை.

கிளிக். கிளிக்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒரு மணம் வந்தது. பப்பாசி இலைச் சாறு. காய்ச்சலுக்கென்று மாமி இடித்து வடித்துக் கொடுத்த பச்சைக் கசப்பு. அந்த அறையைக் கழுவி நாற்பது நாளாகிறது. மெத்தையையும் தலையணையையும் தர்மத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. வெறும் கட்டில் பலகைதான் கிடக்கிறது. அது அவனுக்குத் தெரியும். அவனே தூக்கிக் கொடுத்தான்.

எழும்பினான். மூன்றடி. அன்றைக்கு நடக்காத மூன்றடி. நிலம் கால்களுக்குச் சில்லென்று இருந்தது. திரைச்சீலையைப் பிடித்தான். விலக்கினான்.

கட்டிலில் மெத்தை இருந்தது. நீலப் பூப்போட்ட போர்வை. ஜன்னல் விளிம்பில் பச்சைச் சாறு பாதி குடித்த கிளாஸ். போர்வையின்மேல் நூலுருண்டை. அதிலிருந்து வந்த நூல் போர்வைக்குள் போயிற்று. போர்வைக்குக் கீழே ஒரு உடம்பு மூச்சு விட்டது. முகம் மெல்லத் திரும்பியது. உதடு வெளுத்திருந்தது. கண்கள் அவனைத் தேடிப் பிடித்தன.

“வந்திட்டீங்களா” என்றாள்.

அவனுக்குப் பின்னால், ஹோலில், விசைகள் படபடத்தன. ஒரே ஒரு சொல் அளவுக்கு. பிறகு டொக். டொக்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பெரிய பள்ளியில் பாங்கு எழும்பியது. பின்னால் தட்டச்சு நின்றது. மடிகணினி மூடப்படும் சத்தம். நாற்காலி பின்னுக்கு இழுபடும் சத்தம். அவனுடைய சொந்தக் காலடிகள் அவன் முதுகுக்கு ஒரு முழம் அப்பால் நடந்தன. நிற்கவில்லை. செருப்பை மாட்டின. முன்கதவு சாத்தியது. வெளியே இருந்து பூட்டில் திறப்பு சுழன்றது. ஒருமுறை. இரண்டுமுறை.

தெருவில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் பள்ளிப் பக்கம் போய் முடிந்தன. கடைக் கதவுகள் விழுந்தன. ஊர் அடங்கியது. வீட்டில் மூச்சுச் சத்தம் மட்டும். ஒரு மூச்சு. இடைவெளி. ஒரு மூச்சு. இடைவெளி நீண்டது.

கலிமாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அவன் சொன்னால் அவள் சொல்லுவாள். மாமிக்குச் சொன்னது உண்மையாகிவிடும். முதல் பக்கத்தில் போடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. வாயைத் திறந்தான்.

நாக்கு எழவில்லை.

மீண்டும் முயன்றான். தொண்டை அசைந்தது. காற்றுக்கூட வரவில்லை. கையை நீட்டினான். நீளவில்லை. வாசற்படியில் நட்ட கட்டைபோல நின்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் ஆறுதல். பிறகு காத்திருப்பு. பிறகு அந்தக் கண்களில், அவனை நோக்கி, அவன் ஒருநாளும் கண்டிராத ஒரு பயம் மெல்ல மெல்ல ஊறி நிறைந்தது.

போர்வைக்குள்ளிருந்து கொக்கி ஊசி நழுவி நிலத்தில் விழுந்தது.

“ஏன் ஒண்டும் கதைக்காம நிக்கிறீங்க?”