தண்ணீர்வாய் ஆட்டம்

யானெலிஸின் மைக் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

லேப்டாப் திரையில் இரண்டு கோடுகள். மேல்கோடு எலாதியோவின் மைக்குக்கு, கீழ்க்கோடு யானெலிஸின் மைக்குக்கு. பேசினால் அவரவர் கோடு துள்ளும். சும்மா இருந்தால் படுத்துக் கிடக்கும். பதிவைத் தொடங்கிவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் எலாதியோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அதுவே ஒரு சாதனை. அவன் கோடு படுத்துக் கிடந்தது. எதிர் நாற்காலியில் ஆளே இல்லை. ஆனாலும் கீழ்க்கோடு, தூங்கும் குழந்தையின் வயிற்றைப் போல, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

கீழே ஃபெல்லோவின் மளிகைக் கடையில் அலறும் பச்சாத்தா பாட்டுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். பாட்டு என்றால் இரண்டு மைக்கிலும்தானே விழ வேண்டும் என்று மூளையின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையோடு அவனுக்கு என்றைக்குமே ஆகாது.

நிகழ்ச்சியின் பெயர் 'ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி'. சாந்தோ தொமிங்கோவில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய இந்த அறையில்தான் பல வருடமாக அவனும் யானெலிஸும் வாரா வாரம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அந்தப் பாட்காஸ்டைக் கேட்டுக்கொண்டே இங்கே பெண்கள் சலூனில் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டார்கள். நியூயார்க்கில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் டாக்சி ஓட்டினார்கள். 'மாமியாரா, மந்திரியா' என்று ஓர் ஆட்டம் உண்டு: முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தைப் படித்தால், சொன்னது இருவரில் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது கடைசியில் வரும் தண்ணீர்வாய்க்குத்தான்.

ஒருவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சிரிப்பு மூட்ட வேண்டும். துப்பக் கூடாது, விழுங்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது. சிரித்துத் தெறித்துவிட்டால் அவர் முறை முடிந்தது. அடுத்து மற்றவர் தன் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். சிரிப்பு மூட்ட முடியாவிட்டால் "தோத்தேன்" என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எதிராளி விழுங்கலாம், எழுந்து போகலாம்.

எலாதியோ முதல் ஜோக் முடிவதற்குள் தெறித்துவிடுவான். மைக்கைத் துடைப்பதற்கென்றே ஒரு துண்டு வைத்திருந்தார்கள். யானெலிஸ் ஒரு தடவைகூடத் தெறித்ததில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணை அகல விழித்து, மூக்கால் மூச்சு விட்டபடி கல்லாக உட்கார்ந்திருப்பாள். அவன் "தோத்தேன்" என்றதும் மடக்கென்று விழுங்கிவிட்டு, "குண்டா, உன் ஜோக்கவிட இந்தத் தண்ணி ருசிடா" என்பாள்.

டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. கொசுவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி முழுக்கச் சிரித்த அதே மாதத்தில். கொசுவுக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது.

இன்று பிற்பகல் அவள் வீட்டில் ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, லில்லிப் பூ, மெழுகுவர்த்தி, அவள் படம், தாகத்தோடு வரும் ஆன்மா குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர். பச்சைக் கிளி படம் போட்ட அவளுடைய ஆட்டக் கிளாஸையே அவள் அம்மா தோன்யா நுரிஸ் அதற்கு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கலைத்த பிறகு கிளாஸை அவன் கையில் கொடுத்தாள்.

"தெருவுல வீசி ஊத்திடு, மகனே. ஊத்திட்டுத் திரும்பிப் பாக்காத. அப்பத்தான் அவ போவா."

"சரிங்க, தோன்யா."

"அழாத. நீ அழுதா பாக்கச் சகிக்கலன்னு அவளே சொல்லுவா."

தெருவுக்குப் போனான். கிளாஸைச் சாய்த்தான். சாய்த்த கை அப்படியே நின்றது. ஊற்றினால் போய்விடுவாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நெரிசலான மினிபஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன தலைவரே, மீன் வளக்குறீங்களா?" என்றான் காசு வாங்குபவன்.

"ஆமா. பேச்சுக் குடுக்காத, அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

பஸ்ஸே சிரித்தது. எலாதியோவும் சிரித்தான். உள்ளங்கையில் தண்ணீர் சில்லென்று ஒட்டியது, யாரோ உதடு வைத்தது போல.

அந்தக் கிளாஸ்தான் இப்போது அவள் மைக்குக்கு முன்னால் இருந்தது. பழக்க தோஷத்தில் அவள் மைக்கையும் போட்டுவிட்டான். அவளுக்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சி ஒன்று செய் என்று நேயர்கள் எல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எப்படிக் கொடுப்பதென்று ஒருவரும் எழுதவில்லை.

"வணக்கம் மக்களே," என்றான் மைக்கில். "இன்னிக்கு ஒத்த நாற்காலிதான்..."

மின்சாரம் போனது.

மின்விசிறி முனகி முனகி நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது. தெரு முழுக்க ஒரே குரலாக மின்வாரியத்தின் பரம்பரையைத் திட்டியது. மூலையில் இன்வெர்ட்டர் கீச்சிட, லேப்டாப்பும் மைக்குகளும் பிழைத்தன. சன்னலுக்கு வெளியே மழைமேகம் மாலையைச் சீக்கிரமே கறுப்பாக்கிக்கொண்டிருந்தது.

"எலாதியோ!" கீழிருந்து ஃபெல்லோ. "மெழுகுவத்தி வேணுமாடா?"

"வேணாம்ண்ணே, என் மூஞ்சி வெளிச்சமே போதும்."

"அப்படின்னா ரெண்டாத்தான் அனுப்பணும்!"

கீழே எழுந்த சிரிப்பு அடங்கியது. பாட்டு இல்லை. மின்விசிறி இல்லை. கீழ்க்கோடு மட்டும் இன்னும் ஏறி இறங்கியது.

ஹெட்போனை மாட்டி அவள் மைக்கின் சத்தத்தைக் கூட்டினான். முதலில் அறையின் வெறும் இரைச்சல், சன்னல் இடுக்கு வழியே மழைக்கு முந்தைய காற்று நுழையும் ஓசை, அதற்கும் அடியில், வெகு பக்கத்தில், காது மடலைத் தொடுகிற மாதிரி, மூக்கால் இழுக்கும் ஒரு மூச்சு. இழுத்து, தயங்கி, விடும் மூச்சு. அவனுக்கு அது தெரியும். வாரா வாரம் ஒலிப்பதிவைச் சீர்செய்யும்போது அவன் வெட்டி எறிந்த மூச்சு அது. வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும் ஒருத்தியின் மூச்சு.

கிளாஸைப் பார்த்தான். தண்ணீர் குறைந்திருந்தது. ஒரு வாய் அளவுக்கு.

உருகிய மெழுகின் வாசனை வந்தது. லில்லி. ஜெபத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த இஞ்சிக் காப்பி. அடியில் ஆஸ்பத்திரி.

எதிர் நாற்காலி முனகியது. பிளாஸ்டிக் முனக வேண்டுமென்றால் அதன்மேல் ஆள் உட்கார வேண்டும்.

திரையின் நீல வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு கன்னம். உப்பிய கன்னம். பிறகு அகல விழித்த கண். இமைக்கவில்லை.

கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான். எழுந்தால் ஓடிவிடலாம். அவன் எழவில்லை. கண்ணால் அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: என்னை விடு. அவள் எழுந்து போக முடியாது. அவன்தான் அவளை ஆட்டத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறான்.

"எவ்வளவு நேரமா இப்படியே வச்சிருக்க?" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

மூச்சு. இழுத்து, தயங்கி, விட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோத்தேன். விழுங்குவாள், எழுவாள், போவாள். வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. போன பிறகு இந்த நாற்காலியை என்ன செய்வான்? அவளை ஒரே ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டால்? ஒரே ஒரு தடவை.

"ஒரு கொசு டாக்டர்கிட்டப் போச்சாம்..." என்றான். உடனே நிறுத்தினான். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மூச்சு இப்போது திணறியது. மூக்குக்குள் தண்ணீர் ஏறும் குமிழ்ச் சத்தம்.

"சரி, சரி. இது ஜோக் இல்ல," என்றான் அவசரமாக. "உன் ஜெபத்துல நடந்தது. எல்லாரும் 'மரியே வாழ்க' சொல்லிட்டிருக்காங்க. நான் அழுதுட்டே கொஞ்சம் சாஞ்சேன். அவ்வளவுதான். நாற்காலி பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சிருச்சு. நான் தரையில, கால் மேல, செருப்பு மேசைல, உன் படத்துப் பக்கத்துல. ஜெபம் சொல்ற அம்மா நிறுத்தவே இல்ல. அதே ராகத்துல, 'இந்தக் குண்டனுக்காகவும் வேண்டிக்கொள்வோம்'ன்னாங்க. மொத்தக் கூட்டமும் 'ஆமென்'ங்குது." மூக்கைத் துடைத்தான். "உங்கம்மா சிரிச்சாங்க, யானெலிஸ். நீ போனதுக்கு அப்புறம் முதத் தடவ. சிரிச்சுக்கிட்டே என் தலையக் கட்டிப் புடிச்சு அழுதாங்க."

மூச்சு நின்றது.

கன்னம் நடுங்கியது.

பிறகு தெறித்தது. அவன் முகம் முழுக்க, சில்லென்று, மெழுகு வாசனையோடு. ஹெட்போனில் அவள் சிரிப்பு, கழுதை கனைப்பது போன்ற அந்தச் சிரிப்பு, மூச்சு வாங்கி வாங்கி, முழுசாக. எலாதியோ மேசையைக் குத்தினான். "ஜெயிச்சுட்டேன்டி! ஜெயிச்சுட்டேன்!" அழுதுகொண்டே கத்தினான்.

அப்புறம்தான் ஆட்டத்தின் விதி நினைவுக்கு வந்தது.

நாக்குக்கு அடியில் குளிர்ந்தது. ஊறியது. ஏறியது. வாயை மூடிக்கொண்டான். கன்னம் உப்பியது. உதட்டைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

"வெளிச்சம் வந்துருச்சு!" என்று தெரு முழுக்க ஆர்ப்பரித்தது. குழந்தைகள் சட்டியைத் தட்டினார்கள். மின்விசிறி சுற்றியது. பாட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தது. பல்பு எரிந்தது. எதிரில் வெறும் நாற்காலி. ஈரமான நாற்காலி. காலிக் கிளாஸ்.

கீழ்க்கோடு துள்ளியது.

"ஒரு ஊர்ல ஒரு குண்டன் இருந்தானாம்," என்றது ஹெட்போன்.

அவனுக்குத் தெரிந்த ஜோக். அவனுக்குப் பிடித்த ஜோக். எத்தனை தடவை கேட்டாலும் பாதியிலேயே தெறித்துவிடுவான். சிரித்தால் போதும், தண்ணீர் போய்விடும். முறை அவளுக்குப் போகும். அந்தக் கன்னம். அந்தக் கண். அந்த மூச்சு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்னடா குண்டா, இன்னிக்கு இவ்வளவு நேரம் தாங்குற?" என்றாள் சந்தோஷமாக. தோத்தேன் என்று மட்டும் சொல்லாமல் கதையைத் தொடர்ந்தாள்.

மூக்கில் ஏறியது. கண்ணின் ஓரம் வழிந்தது. மெழுகு மணத்தது.

திரையில் கீழ்க்கோடு துள்ளித் துள்ளிப் போனது. அதற்கு மேலே எலாதியோவின் கோடு மெல்ல ஏறி, தயங்கி, மெல்ல இறங்கியது.