சீடியில் மட்டும்

ஒரு படம் பொருந்தவில்லை.

கடலோர ரயில் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துத் தெஹிவளைப் பக்கம் போய் ஓய, கீழ்வீட்டு நளீபா மீன் பொரிக்கும் வாசம் பின்மதிய வெக்கையில் அசையாமல் நிற்க, சுகந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுதிய சின்னப் புரோகிராம். கணினியிலுள்ள படங்களையும், மனைவி யசோதினி சீடியில் பதிந்து வைத்த அதே போல்டரையும் ஒப்பிட்டு, எது எதில் இல்லை, எது ஒரே பெயரில் இருந்தும் வேறாக இருக்கிறது என்று சொல்லும்.

சீடியில் மட்டும்: 43.

அது தெரிந்ததுதான். வெள்ளவத்தையில் பொலிஸ் சோதனை வருகுதாம் என்று கேள்விப்பட்ட இரவு, அவள் இருந்த படங்களையெல்லாம் கணினியிலிருந்து அழித்தவன் அவன். அவளுடைய அடையாள அட்டை கிளிநொச்சியில் எடுத்தது; புலி என்று பிடிக்க அதுவே போதும். பொலிஸுக்குக் கொடுத்த வீட்டுப் பட்டியலிலும் அவள் பெயரை எழுதவில்லை. விடிய வந்தவர்கள் அவளைக் காட்டி யாரென்று கேட்டார்கள். சிங்களத்தில், பிழையில்லாமல், தெரியாது என்றான். அவளைக் கொண்டுபோனார்கள். பதினோராம் நாள் களனி ஆற்றில் பிணமாய்க் கிடந்தாள்.

போன் அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவளுடைய அம்மா நாகேஸ்வரி.

"தம்பி, கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படம் எடுத்திட்டீங்களோ? முப்பத்தொண்டாம் நாள் காரியத்துக்கு முதல் அச்சடிக்க வேணும்."

"ஓம் மாமி. பாக்கிறன்."

"சிரிச்சபடி ஒண்டு பாருங்கோ. நான் பெத்ததுக்கு அழுமூஞ்சிப் படம் போடேலாது."

"இருக்கு மாமி."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த விடியலைப் பற்றி இதுவரை கேட்டதேயில்லை.

ஒரே பெயர், வேறு படம்: 1.

இரண்டையும் திறந்தான். அவன் வேலைசெய்யும் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் எடுத்தது. கணினியில் நான்கு பேர். சீடியில் மூன்று. அவன் நின்ற இடத்தில் வெறும் சுவர், சுவரில் அவனுடைய நிழல்.

சீடி கீறுப்பட்டிருக்கும். சட்டை நுனியால் துடைத்துப் போட்டு மறுபடி ஓட்டினான். உள்ளே அது சுழலும் சத்தம், யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல.

ஒரே பெயர், வேறு படம்: 6.

பதிந்த சீடியை யாரும் மாற்ற முடியாது.

19.

மீன் வாசம் போய்விட்டிருந்தது. ஆற்றுச் சேற்று வாசம்.

112.

சீடியிலிருந்த கலியாணப் படத்தைத் திறந்தான். அவள் மட்டும். வெறும் காற்றுக்கு மாலை சூட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது. அவள் மட்டும். அடுத்தது. அவள் மட்டும்.

காலிமுகத்திடல். காற்றில் கலைந்த தலைமயிர். நல்ல சிரிப்பு, மாமி கேட்ட சிரிப்பு. அவளுடைய தோளில் ஒரு கை. அவனுடைய கலியாண மோதிரம் போட்ட கை. மணிக்கட்டுக்கு அப்பால் கடல்.

அந்தப் படத்தின்மேல் அம்புக்குறி மெல்ல ஊர்ந்து வந்தது. அவன் அசைக்கவில்லை.

குனிந்து பார்த்தான்.

மேசையில் மவுஸ் நகர்ந்துகொண்டிருந்தது. சட்டைக் கை அதன்மேல் கிடந்தது. சட்டைக் கையின் முனைக்கு வெளியே கை இல்லை.